விண்டோஸ் கணினியில் யூனிக்ஸ் நிரல்: பெங்களூருவின் ஒரு தொழிற்பழக்கம்

பெங்களூருவின் மென்பொருள் அலுவலகங்களில் பொறியாளர் கைக்கு வரும் மடிக்கணினி பெரும்பாலும் விண்டோஸ் கணினிதான். அவர் எழுதும் நிரல் ஓட வேண்டிய இடம் பெரும்பாலும் வேறு. வங்கிகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் எழுதப்படும் சேவை நிரல்கள் லினக்ஸ் சர்வர்களில் ஓடுகின்றன. கைப்பேசிச் சில்லுகளுக்கான நிரல்கள் ஆர்ம் வகைச் செயலிகளில் ஓடுகின்றன. காரின் எஞ்சினையும் பிரேக்கையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கான நிரல்கள், இயங்குதளம் என்று பெரிதாக எதுவும் இல்லாத சிறு செயலிகளில் ஓடுகின்றன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1985-இல் இந்நகரில் மையம் திறந்து, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே கடல்கடந்த அலுவலகத்தோடு வேலையைப் பகிர்ந்துகொண்ட காலம் முதல், 1996-இல் தொடங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் ஆய்வு மையம், பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு என்று இன்றுவரை, எழுதும் இயந்திரம் ஒன்றாகவும் ஓடும் இயந்திரம் மற்றொன்றாகவும் இருப்பது இந்நகரத் தொழிலின் இயல்பான அமைப்பாகவே இருந்துவருகிறது.

மூலநிரலை ஒரு செயலி நேரடியாக இயக்கக்கூடிய கோப்பாக மாற்றும் பணி, தொழில் வழக்கில் பில்டு எனப்படுகிறது. சி, சி++ போன்ற மொழிகளில் எழுதியதைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் என்னும் தொகுப்பி, அப்படி மாறிய துண்டுகளை ஆயத்த நூலகங்களோடு சேர்த்து ஒரே கோப்பாக்கும் லிங்கர் என்னும் இணைப்பி, எதை எப்போது எந்த வரிசையில் அழைப்பது என்று சொல்லும் மேக்ஃபைல் முதலான குறிப்புக் கோப்புகள் ஆகியவை சேர்ந்த தொகுதிக்கு டூல்செயின் என்று பெயர். உலகில் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் நூலகங்களில் மிகப் பலவும் யூனிக்ஸ், லினக்ஸ் சூழலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், அவற்றை விண்டோஸில் பில்டு செய்ய முயலும்போது தடங்கல்கள் வருகின்றன. அந்தத் தடங்கல்களை எதிர்கொள்ள இந்நகரில் வேரூன்றிய வழக்கம் ஒன்று உண்டு: விண்டோஸுக்குள்ளேயே ஒரு யூனிக்ஸ் சூழலை உண்டாக்கிக்கொள்வது, பில்டை அதற்குள் ஓட்டுவது, பிழை வந்தால் நிரலைத் தொடாமல் சூழலைத் திருத்துவது. இவ்வழக்கம் எங்கே பொருந்துகிறது, எங்கே பிழையை மறைத்துப் பயனரிடம் தள்ளிவிடுகிறது என்று பார்ப்பது அவசியம். ஏனெனில் பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் வேறுபடுத்தாமலேயே அது கையாளப்படுகிறது.

இவ்வகைச் சூழல்களின் வரலாறு முப்பது ஆண்டுகளைத் தொடுகிறது. சிக்னஸ் நிறுவனத்தின் ஸ்டீவ் சேம்பர்லைன் 1995-இல் தொடங்கிய சிக்வின், யூனிக்ஸ் நிரல் எதிர்பார்க்கும் அழைப்புகளையெல்லாம் ஒரே டிஎல்எல் கோப்பின் வழியாக விண்டோஸ் அழைப்புகளாக மாற்றிக்கொடுத்தது. டிஎல்எல் என்பது பல நிரல்கள் ஓடும் நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு. 1998-இல் வந்த மின்ஜிடபிள்யூ அந்த இடைத்தரகரை விலக்கி, ஜிசிசி தொகுப்பியே நேரடியாக விண்டோஸ் நிரலை உண்டாக்கும்படி செய்தது. இவ்விரண்டின் வழிவந்த எம்சிஸ்2, பில்டை நடத்தும் ஷெல்லையும் கருவிகளையும் யூனிக்ஸ் முறையில் வைத்துக்கொண்டு, விளைபொருளை மட்டும் விண்டோஸ் நிரலாகத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் 2016-இல் அறிவித்த டபிள்யூஎஸ்எல், லினக்ஸ் நிரல்களை விண்டோஸின் மேலேயே ஓடவிட்டது. 2019-இல் அறிவிக்கப்பட்ட அதன் இரண்டாம் வடிவம், மெய்யான லினக்ஸ் கெர்னலையே ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுகிறது.

இவ்வழக்கத்தின் வலிமை எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. பழைய நூலகங்கள் பலவும் பில்டுக்கு முன் ‘கான்ஃபிகர்’ என்னும் நீண்ட ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டி, கணினியில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொள்கின்றன. விண்டோஸின் கட்டளைச் சாளரத்துக்கு அந்த ஸ்கிரிப்டின் மொழியே தெரியாது. எம்சிஸ்2 இல்லாவிட்டால் அத்தகைய ஒவ்வொரு நூலகத்துக்கும் புதிய பில்டுக் குறிப்பை முதலிலிருந்து எழுத நேரும். மேலும், அலுவலக மடிக்கணினியில் நிர்வாகி உரிமை இல்லாத பொறியாளர், ஐடி பிரிவுக்கு டிக்கெட் எழுப்பி நாட்கணக்கில் காத்திருப்பதற்குப் பதில், தன் கோப்புறைக்குள்ளேயே விரித்து வைத்துக்கொள்ளக்கூடிய கருவித் தொகுப்பு ஒன்றை நாடுவது இயற்கை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவை நிறுவ உரிமமும் நிர்வாகி அனுமதியும் வேண்டும். ஜிசிசியைக் கொண்ட ஒரு ஜிப் கோப்புக்கு இரண்டும் வேண்டியதில்லை.

விளைபொருள் விண்டோஸுக்கு உரியதாக இல்லாதபோது இவ்வழக்கம் முழு நியாயம் பெறுகிறது. 2001-இல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து முன்வைத்த சிம்ப்யூட்டர், ஸ்ட்ராங்ஆர்ம் செயலியில் லினக்ஸ் ஓடிய கையடக்கக் கணினி. அத்தகைய கருவிக்கான நிரலை வேறு வகைச் செயலி கொண்ட மேசைக் கணினியில் தொகுத்துக் கருவிக்கு மாற்றுவதையே கிராஸ் கம்பைலேஷன் என்பர். இம்முறையில் தொகுப்பி எந்த இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது என்பது விளைபொருளில் பெரும்பாலும் தடம் பதிப்பதில்லை. அதே பதிப்பு, அதே விருப்பங்கள், அதே மூலநிரல் என்றால் ஆர்ம் செயலிக்குச் செல்லும் கட்டளைகள் மாறுவதற்குக் காரணமில்லை. இவ்விடத்தில் சூழலைத் திருத்திப் பில்டை ஓடவைப்பது சரியான வேலைதான், ஏனெனில் பழுது உண்மையிலேயே சூழலில்தான் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அதன் நெட்ஃபில்டர் பகுதியில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டைத் தவிர பெயரில் வேறு வேறுபாடே இல்லாத கோப்பு இணைகள் உள்ளன. அதன் கிராஃபிக்ஸ் பகுதியில் ‘ஆக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சி கோப்பு உள்ளது. முதல்வகையை விண்டோஸ் தன் வழக்கமான அமைப்பில் ஒரே கோப்பாகக் கருதி ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிடும். இரண்டாவது, டாஸ் காலத்திலிருந்தே ஒரு துணைக் கருவிக்கென்று ஒதுக்கப்பட்ட பெயர் என்பதால் வழக்கமான முறையில் அக்கோப்பை உண்டாக்க விண்டோஸ் மறுத்துவிடும். இவை தொகுப்பியை அழைப்பதற்கு முன்பே, மூலநிரலை இறக்கும் கட்டத்திலேயே வரும் தோல்விகள். டபிள்யூஎஸ்எல் இரண்டாம் வடிவம் தனக்கென்று லினக்ஸ் கோப்புமுறையை வைத்துக்கொள்வதால் இவை அங்கே எழுவதே இல்லை.

ஆனால் அதே வழக்கம், விண்டோஸ் பயனருக்குச் செல்ல வேண்டிய நிரலுக்கும் மாற்றமின்றி நீட்டிக்கப்படும்போது குறைகள் தலைகாட்டுகின்றன. இரு உலகங்களின் கருவிகள் ஒரே கணினியில் ஒரே பெயருடன் கிடப்பது அவற்றுள் முதன்மையானது. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தொகுப்பியான விஷுவல் சி++-இன் இணைப்பிக்குப் பெயர் ‘லிங்க்’. யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்புக்கு இன்னொரு பெயர் சூட்டும் மிகச் சிறிய கருவிக்கும் பெயர் ‘லிங்க்’. கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறையில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சொல்லும் பாத் என்னும் சூழல் மாறியில் எம்சிஸின் கோப்புறை முன்னால் வந்துவிட்டால், தொகுப்பு முழுவதும் சரியாக முடிந்து, கடைசிக் கட்டத்தில் இணைப்பிக்குப் பதில் அந்தச் சிறு கருவி அழைக்கப்படும். ‘கூடுதல் ஆபரண்ட்’ என்று அது குறைசொல்லும். அச்செய்தியில் இணைப்பி என்ற சொல்லோ விஷுவல் சி++ என்ற சொல்லோ இராது என்பதால், இணைக்கும் நூலகங்களின் பட்டியலில் ஏதோ தவறு என்று எண்ணி அதையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பவர் பலர். ‘ஃபைண்ட்’, ‘சார்ட்’ ஆகிய கட்டளைகளுக்கும் இதே இரட்டைப்பிறப்பு உண்டு. பெர்ல் மொழிக்காக ஸ்ட்ராபெரி பெர்ல் தொகுப்பை நிறுவியவர் கணினியில், அதனோடு சேர்ந்து வந்த ஒரு ஜிசிசியும் பாத்தில் ஏறிவிடுவதும், சிமேக் என்னும் பில்டுக் குறிப்புக் கருவி அதையே முதன்மைத் தொகுப்பியாக எடுத்துக்கொள்வதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

அடுத்தது, சூழல் காட்டும் அளவுமீறிய உதவி. எம்சிஸ் வழிவந்த ஷெல்லில் சாய்கோட்டில் தொடங்கும் சொல் எதையும் அது யூனிக்ஸ் பாதை என்று ஊகித்து, விண்டோஸ் நிரலிடம் கொடுப்பதற்கு முன் விண்டோஸ் பாதையாக மாற்றிவிடுகிறது. ஆண்ட்ராய்டு கருவிக்குள் ‘எஸ்டிகார்டு’ என்னும் கோப்புறைக்கு ஒரு கோப்பைத் தள்ள வேண்டும் என்று அவ்வகை ஷெல்லான கிட் பேஷ் சாளரத்தில் கட்டளை கொடுத்தால், அக்கோப்புறை கைப்பேசியில் இருப்பது என்று அதற்குத் தெரியாததால், ‘சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், கிட், எஸ்டிகார்டு’ என்ற பொருளற்ற பாதை கைப்பேசிக்குப் போய்ச் சேரும். டாக்கர் என்னும் கருவி உண்டாக்கும் கண்டெய்னர் என்ற தனிச்சூழலுக்குள் கோப்புறையை இணைக்கும்போதும், சாய்கோட்டில் தொடங்கும் விஷுவல் சி++ விருப்பங்களைக் கொடுக்கும்போதும் இதே திரிபு நேர்கிறது. இந்த மாற்றத்தை நிறுத்தத் தனிச் சூழல் மாறி இருக்கிறது. அதை வைத்தால், மாற்றம் தேவைப்படும் வேறு பத்துக் கட்டளைகள் உடைந்துவிடுகின்றன. ஊகத்தின் மேல் கட்டப்பட்ட வசதியில் ஓரிடத்துச் சரி மற்றோரிடத்துத் தவறாவதைத் தவிர்க்க வழியில்லை.

இவையெல்லாம் பில்டு நேரத்திலேயே வெளிப்பட்டுவிடுபவை, ஆகவே பொறுத்துக்கொள்ளத்தக்கவை. பில்டு வெற்றிபெற்று, பொறியாளரின் கணினியில் நிரல் ஓடி, பயனரின் கணினியில் மட்டும் விழுவது வேறு தரத்துக் குறை. ஜிசிசி கொண்டு தொகுத்த சி++ நிரல், வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்தத் தொகுப்பியின் சி++ நூலகத்தையும் அதன் துணை டிஎல்எல்களையும் ஓடும்போது தேடுகிறது. பொறியாளரின் பாத்தில் அவை இருக்கின்றன; பயனரிடம் இல்லை. இல்லையென்றால் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்ற செய்தியாவது வரும். வேறொரு மென்பொருள் கொண்டுவந்த பழைய பதிப்பு பயனரின் பாத்தில் கிடந்தால், ‘நுழைவுப் புள்ளி காணவில்லை’ என்ற இன்னும் குழப்பமான செய்தி வரும். இதற்கு நடைமுறையில் செய்யப்படுவது, காணாமற்போன கோப்பை எங்கிருந்தாவது எடுத்து நிரலின் பக்கத்தில் போடுவது. செய்தி நிற்கும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது. எந்த டிஎல்எல் எதை நாடுகிறது என்பதை விஷுவல் ஸ்டுடியோவின் டம்ப்பின் கருவியோ ஜிசிசியோடு சேர்ந்து வரும் ஆப்ஜ்டம்ப் கருவியோ ஒரே கட்டளையில் சொல்லிவிடும் என்ற நிலையில், இக்கோப்பு சேகரிப்பு முறைக்கு வேறு எந்த நியாயமும் இல்லை, பழகிவிட்டது என்பதைத் தவிர.

நூலகங்களின் கலப்பு இதைவிட நுட்பமான சிக்கல். சி++ மொழியில் ஒரு செயற்கூறின் பெயரை நூலகத்துக்குள் எவ்வாறு குறிப்பது, பிழைநிலையை எவ்வாறு மேலே அனுப்புவது என்பதில் ஜிசிசிக்கு ஒரு மரபும் விஷுவல் சி++-க்கு வேறொரு மரபும் உள்ளன. எனவே ஒன்றில் தொகுத்த சி++ நூலகம் மற்றொன்றில் இணையாது. சி நூலகங்கள் இணைந்துவிடும், அங்கேதான் பொறி. சி மொழியின் அடிப்படைச் செயற்கூறுகளைத் தரும் ரன்டைம் நூலகம் விண்டோஸில் ஒன்றுக்கு மேற்பட்டது: பழைய எம்எஸ்விசிஆர்டி ஒன்று, 2015-இல் வந்த யுசிஆர்டி மற்றொன்று. ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்றில் விடுவித்தால் நிரல் அந்த இடத்திலேயே விழாமல், தொடர்பில்லாத வேறொரு இடத்தில், வேறொரு நாளில் விழக்கூடும். எம்சிஸ்2 திட்டம் 2022-இல் யுசிஆர்டியை இயல்பு ரன்டைமாக ஏற்றது இச்சிக்கலைப் பெருமளவு குறைத்திருக்கிறது. ஆயினும் ஒரு குழுவுக்குள் பல ஆண்டுகளாகக் கைமாறிவரும் பழைய ஜிப் தொகுப்புகள் அந்த மாற்றத்துக்கு முற்பட்டவையாகவே இருக்கக்கூடும்.

எண்களின் அளவு குறித்த வேறுபாடு, சூழல் எவ்வாறு பிழையை மறைக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று. 64-பிட் லினக்ஸில் ‘லாங்’ என்னும் முழுஎண் வகை 64 பிட் கொண்டது. 64-பிட் விண்டோஸில் அது 32 பிட்தான். 64-பிட் சிக்வின் இவ்விஷயத்தில் லினக்ஸைப் பின்பற்றுகிறது, டபிள்யூஎஸ்எல் லினக்ஸேதான். பணத்தொகையைப் பைசாக் கணக்கில் ‘லாங்’ வகையில் வைக்கும் நிரல் ஒன்று, இவ்விரு சூழல்களிலும் நடைமுறையில் வரும் எவ்வளவு பெரிய தொகைக்கும் சரியாகக் கணக்கிடும். அதையே விண்டோஸின் சொந்தத் தொகுப்பியில் தொகுத்தால், 32 பிட்டில் அடங்கும் உச்ச எண் சுமார் 214 கோடி என்பதால், தொகை சுமார் 2 கோடியே 14 லட்சம் ரூபாயைத் தாண்டியதும் விடை பிழைபட்டு, பெரும்பாலும் கழித்தல் எண்ணாகிவிடும். பிழை நிரலில் இருக்கிறது. அளவை வெளிப்படையாகச் சொல்லும் வகைகள் சி மொழியில் 1999 தரத்திலிருந்தே உள்ளன. அப்பிழை ஒருபோதும் தென்படாத ஒரு சூழலை அமைத்துக்கொண்டு அதில் சோதிப்பது, சோதனை என்ற பெயருக்குத் தகாது.

தமிழ், கன்னட எழுத்துகளோடு தொடர்புடைய பில்டுச் சிக்கல்களை இத்துறையின் ஆங்கிலக் கையேடுகள் அரிதாகவே தொடுகின்றன என்பதால், அவற்றைச் சற்று விரிவாகக் காண்பது பொருந்தும். யூனிகோடு வருவதற்கு முன் விண்டோஸ், ஒவ்வொரு மொழிக் குழுவுக்கும் 256 இடங்கள் கொண்ட, கோடுபேஜ் எனப்படும் குறியீட்டு அட்டவணை ஒன்றை வைத்திருந்தது; சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்கு மட்டும் அதை விரித்த வடிவங்கள் இருந்தன. தமிழுக்கும் கன்னடத்துக்கும் கணினியின் இயல்பு அட்டவணையாக வைக்கத்தக்க எதுவும் அளிக்கப்படவே இல்லை. அவை யூனிகோடு வழியாக மட்டுமே ஆதரிக்கப்படும் மொழிகள். இந்திய ஆங்கில அமைப்பு கொண்ட விண்டோஸில் இயல்பு அட்டவணை 1252 என்னும் மேற்கு ஐரோப்பிய அட்டவணைதான். யூனிகோடு எழுத்துகளை ஒன்று முதல் நான்கு பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும்; ‘தமிழ்’ என்ற சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று ஐந்து குறிகள் இருப்பதால் மொத்தம் 15 பைட்டுகள். ஜிசிசி மூலநிரலை யுடிஎஃப்-8 என்றே கொள்கிறது. விஷுவல் சி++, கோப்பின் தலைப்பில் அடையாளக் குறி இல்லாதபோது, கணினியின் அட்டவணைப்படியே படிக்கிறது. எனவே அகல எழுத்துச் சரத்தில் இடப்பட்ட அந்த ஐந்து குறிகள் 15 ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறுகின்றன. புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கோ 1252 அட்டவணையில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஆகவே மெய்யெழுத்து வரும் ஒவ்வொரு சொல்லிலும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு குறி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூலநிரல் யுடிஎஃப்-8 என்று தொகுப்பிக்குச் சொல்லும் விருப்பம் ஒன்றைப் பில்டுக் குறிப்பில் சேர்த்தால் இது தீர்ந்துவிடும்.

கோப்புப் பெயர்களில் தீர்வு அவ்வளவு எளிதல்ல. யூனிக்ஸ் மரபில் எழுதப்பட்ட நிரல் கோப்பைத் திறக்கச் சாதாரண எழுத்துச் சரத்தையே பயன்படுத்துகிறது. விண்டோஸில் அச்சரம் மீண்டும் 1252 வழியாகவே பொருள்கொள்ளப்படுவதால், தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பு கண்முன் இருந்தும் ‘இல்லை’ என்று விடை வரும். பயனர் தன் விண்டோஸ் கணக்குக்கே தமிழிலோ கன்னடத்திலோ பெயர் சூட்டியிருந்தால், தற்காலிகக் கோப்புகளுக்கான பாதையில் அப்பெயர் வந்து, பழைய இடைமுகம் அதன் ஒவ்வொரு எழுத்தையும் கேள்விக்குறியாக மாற்றிவிடும். கோப்புப் பெயரில் கேள்விக்குறி விண்டோஸில் தடைசெய்யப்பட்ட ஒன்று. அத்தகைய கணினியில் தொகுப்பியே தன் இடைக்கோப்பை எழுத முடியாமல் நின்றுவிடக்கூடும். தலைப்பெழுத்தையும் பெயரையும் இடைவெளி விட்டு எழுதும் நம் வழக்கப்படி கணக்குப் பெயர் அமைந்தால் அந்த இடைவெளி ஒன்றே போதும், மேற்கோள் குறியில்லாத மேக்ஃபைல் வரிகள் பாதையை இரண்டாகப் பிளந்துகொள்ள. 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், ஒரு நிரல் தன் இயல்பு அட்டவணை யுடிஎஃப்-8 என்று மேனிஃபெஸ்ட் என்னும் அறிவிப்புக் கோப்பில் சொல்லிக்கொள்ள முடியும். ஆனால் டபிள்யூஎஸ்எல்லில் எல்லாமே யுடிஎஃப்-8 என்பதால் அங்கே எழுதிச் சோதிக்கும் ஒருவருக்கு இந்த அறிவிப்பு தேவை என்ற எண்ணமே எழ வாய்ப்பில்லை. தமிழ் நிரல் ஒன்றை விண்டோஸ் பயனர்களுக்கென்றே எழுதுகிறவர், அவர்களுக்கு மட்டும் ஓடாத நிரலை நல்லெண்ணத்தோடு வெளியிட்டுவிடுவது இப்படித்தான்.

இக்குறைகளுக்குக் கருவிகள் பாதிக் காரணம் என்றால், பழுது தேடும் முறை மறுபாதி. பில்டு விழுந்ததும் வெளியீட்டின் கடைசி வரியைப் படிப்பது, அதைத் தேடுபொறியில் இடுவது, கிடைத்த கட்டளையை ஒட்டுவது, பாத்தின் வரிசையை மாற்றுவது, கடைசியில் எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவுவது என்ற வரிசை இந்நகரில் எவருக்கும் அந்நியமன்று. இதன் வேர் கல்லூரியிலேயே இருக்கிறது. 16-பிட் காலத்து டர்போ சி++ தொகுப்பியை, 64-பிட் விண்டோஸ் அதை ஏற்காததால், டாஸ்பாக்ஸ் என்னும் போலி டாஸ் கணினிக்குள் ஓடவைத்துப் பாடம் நடத்தும் வழக்கம் இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் நீடித்தது. அம்மாணவர்கள் தொகுப்பியைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, தொகுப்பிக்கென்று ஒரு போலிச் சூழல் அமைத்துக்கொள்வதைத் தெரிந்துகொண்டார்கள். பின்னர் வேலைவாய்ப்புத் தேர்வுக்காகப் போட்டி நிரலாக்கம் பழகுகிறவர்கள், எல்லாத் தலைப்புக் கோப்புகளையும் ஒருசேரக் கொண்டுவரும் ‘பிட்ஸ்’ தலைப்பு வரியை முதல் வரியாக எழுதப் பழகுகின்றனர். அது ஜிசிசியின் நூலகத்துக்குள் இருக்கும் உட்கோப்பு, சி++ தரத்தின் பகுதியல்ல. விஷுவல் சி++ அதை ஏற்க மறுக்கும்போது குற்றம் விஷுவல் சி++ மேல் விழுகிறது.

முறையான தேடல் இதைவிடக் குறைந்த நேரமே எடுக்கும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பிழைகளில் முதலாவதைப் படிப்பது, ஏனெனில் பின்வருபவை பெரும்பாலும் அதன் எதிரொலிகள்; அழைக்கப்பட்ட தொகுப்பியும் இணைப்பியும் எந்தக் கோப்புறையிலிருந்து வந்தவை என்று ‘வேர்’ கட்டளையால் உறுதிசெய்வது; பில்டுக் கருவி மறைத்துக் காட்டும் முழுக் கட்டளை வரியை விரிவான வெளியீட்டின் மூலம் வெளிக்கொணர்ந்து அதைத் தனியாக ஓட்டிப்பார்ப்பது; பிழை எழும் மிகச் சிறிய நிரலாகச் சுருக்குவது. ‘அவுட்புட் கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்திக்கு, முந்தைய ஓட்டம் இன்னும் முடியாமல் பின்னணியில் கிடப்பதே பெரும்பாலும் காரணம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பின் மேல் எழுத விண்டோஸ் அனுமதிப்பதில்லை. இதை அறியாமல் ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்ப்பவர்களும் நிர்வாகி உரிமை கேட்டு மனுப்போடுபவர்களும் உண்டு.

குழுவுக்குள் சுற்றும் ஜிப் தொகுப்பை முழுமையாகக் கண்டிப்பதும் நியாயமாகாது. எல்லாரும் ஒரே தொகுப்பியைப் பயன்படுத்துகிறார்கள் என்ற உறுதியை அது தருகிறது. அந்த உறுதிதான் வாகன மென்பொருள் போன்ற துறைகளில் அடிப்படைத் தேவை. அதன் குறை, உள்ளே என்ன இருக்கிறது, யார் எதைத் திருத்தினார், ஏன் திருத்தினார் என்ற குறிப்பு எதுவும் இல்லாமல் அது கைமாறுவதில் இருக்கிறது. அதே உறுதியைப் பதிப்பு எண்களோடு எழுதிவைத்த குறிப்புக் கோப்பின் மூலமும் பெறலாம். டாக்கர் இதற்கு வழிசெய்தது. ஆனால் 250 பேருக்கு மேற்பட்டோர் பணிபுரியும் அல்லது ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலரைத் தாண்டிய நிறுவனங்களுக்கு டாக்கர் டெஸ்க்டாப் 2021 முதல் கட்டணத்துக்கு உரியதாகிவிட, ஜிப்பை விட்டுச் செல்லத் தயங்கியவர்களுக்கு ஒரு காரணமும் கிடைத்தது.

விண்டோஸ் பயனருக்கென்று எழுதும்போது மாற்றுவழிகள் இரண்டு உள்ளன. இரண்டும் அரைகுறையாகச் செய்வதற்கு இடம்கொடாதவை. ஒன்று, விண்டோஸை விண்டோஸாகவே ஏற்று அதன் சொந்தத் தலைப்புக் கோப்புகளோடும் நூலகங்களோடும் பில்டு செய்வது. குரோம் உலாவி 2018-இல் விண்டோஸிலும் கிளாங் தொகுப்பிக்கு மாறியது. கிளாங், விஷுவல் சி++-இன் பெயர் மரபையும் விருப்பங்களையும் பின்பற்றக்கூடியது என்பதால், எல்லாத் தளங்களிலும் ஒரே தொகுப்பி என்ற நன்மையும் விண்டோஸ் நூலகங்களோடு முழு இணக்கமும் ஒருங்கே கிடைத்தன. மற்றொன்று, பில்டை முழுதாக லினக்ஸுக்கே கொண்டுபோய், அங்கிருந்து விண்டோஸுக்குக் கிராஸ் கம்பைல் செய்வது. விஎல்சி இயக்கி விண்டோஸுக்கான தன் வெளியீடுகளை மின்ஜிடபிள்யூ வழியாக இவ்வாறுதான் உண்டாக்குகிறது. இரண்டாம் வழியில் பாத் குழப்பமும் பெயர் மோதலும் மறைகின்றன. ஆனால் விளைந்த நிரலை, கருவிகள் எதுவும் நிறுவப்படாத ஒரு விண்டோஸ் கணினியில் ஓட்டிப்பார்த்தே தீர வேண்டும். அக்கணினியில் தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு பயனர் கணக்கும் இருந்தால் மேலும் நல்லது. எம்சிஸ் சாளரத்திலோ டபிள்யூஎஸ்எல்லிலோ ஓட்டிப்பார்த்தது இச்சோதனைக்கு ஈடாகாது.

டபிள்யூஎஸ்எல்லின் வெற்றியே இவ்விஷயத்தில் ஒரு பின்னடைவையும் கொண்டுவந்திருக்கிறது. முன்பெல்லாம் விண்டோஸில் வேலைசெய்யும் பொறியாளர் ஒருவர், தான் பயன்படுத்தும் நூலகம் விண்டோஸில் தொகுபடாததைக் கண்டு, வேறு வழியின்றி ஒரு திருத்தத்தை எழுதி மூலத்திட்டத்துக்கு அனுப்பினார். இப்போது அதே பொறியாளர் டபிள்யூஎஸ்எல்லுக்குள் போய்விடுகிறார். அவர் வேலை முடிகிறது. விண்டோஸில் அந்நூலகம் உடைந்தபடியே கிடக்கிறது. லினக்ஸ் பெங்களூரு என்று 2001-இல் தொடங்கிப் பின்னர் ஃபாஸ்.இன் என்று பெயர் மாறிய மாநாட்டை நடத்திய நகரத்துக்கு, மூலத்திட்டத்துக்குத் திருத்தம் அனுப்பும் பண்பாடு புதிதல்ல என்பதால் இந்த இழப்பு கூடுதலாக உறுத்துகிறது.

வாகன மின்னணுத் துறையில் நிலைமை இன்னொரு விதமாகச் சிக்கலாகிறது. அங்கே விளைபொருள் விண்டோஸுக்கு உரியதல்ல, ஆகவே மேற்சொன்ன அளவுகோலின்படி டபிள்யூஎஸ்எல்லில் பில்டு செய்வதே பொருத்தம்; ஆனால் வாகன வலையமைப்பைச் சோதிக்கும் கேனோ போன்ற கருவிகள் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடுகின்றன. டபிள்யூஎஸ்எல் இரண்டாம் வடிவம் யுஎஸ்பி கருவிகளைத் தானாகக் காண்பதில்லை. அதற்குத் தனி மென்பொருள் வேண்டும், அதை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும். எனவே பில்டு லினக்ஸ் பக்கத்திலும், நிரலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏற்றுவதும் டீபக்கர் என்னும் பிழைதேடும் கருவியில் ஆராய்வதும் விண்டோஸ் பக்கத்திலும் நடக்கின்றன. விண்டோஸ் டிரைவில் இருக்கும் மூலநிரலை டபிள்யூஎஸ்எல்லிலிருந்து படிப்பது மிக மெதுவானது என்பதால் மூலநிரல் லினக்ஸ் கோப்புமுறைக்குள் போகிறது. அதன் விளைவாக, பில்டு செய்த கோப்பில் பதியும் மூலநிரல் பாதைகள் லினக்ஸ் பாதைகளாகி, விண்டோஸ் டீபக்கருக்கு மூலநிரல் எங்கே என்று தெரியாமல் போகிறது. பதியும் பாதையை வேறொன்றாக மாற்றிப் பதியச் சொல்லும் விருப்பம் ஜிசிசியில் நெடுங்காலமாக உண்டு. மேக்ஃபைலில் ஒரு வரியாக அதை எழுதினால் குழு முழுவதற்கும் தீர்ந்துவிடும் இச்சிக்கலை, ஒவ்வொரு பொறியாளரும் தத்தம் டீபக்கர் அமைப்பில் கையால் பாதை மாற்றி, கணினி மாறும்போதெல்லாம் மறுபடி மாற்றி, தனித்தனியே தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.